பன்னிரண்டு மணிக் கேத்தல்

1996 மார்ச் 2, சனி

இன்று மருமகன் என்னுடைய பால் விடாத பிளேன்ரீக்குள் ஒரு கம்பியைப் போட்டார். நான் கோபப்படுவதற்கு முன் கம்பி நிமிர்ந்துவிட்டது.

தையல் ஊசியைவிட மெல்லிய கம்பி. "மாமா, இதை உங்களுக்கு விருப்பமான மாதிரி வளையுங்கோ" என்று தந்தார். நான் முறுக்கி, சுருட்டி, பூனை விளையாடிய நூல் மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். ஆவி பறந்துகொண்டிருந்த ரீக்குள் போட்டார். ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு பார்த்தால், நேராக, ஒன்றும் நடக்காத மாதிரி கிளாசில் சாய்ந்து நிற்கிறது!

"அதுக்குத் தன்ரை வடிவம் ஞாபகம் இருக்கு மாமா. நெருப்பிலை வைச்சு ஒருக்காப் படிப்பிச்சால் காணும். பிறகு என்னதான் வளைச்சாலும், சூடு பட்டவுடனை படிச்சது வந்திடும்."

எனக்கு எழுபத்தொரு வயது. போன ஆவணியில்தான் எழுத்துப் படிக்கத் தொடங்கினேன். 'ஞ' எழுதப் போனால் இன்றைக்கும் கை பாதி வழியில் நின்று, எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கிறது. கம்பிக்கு ஒரு தடவை சொன்னால் போதுமாம்! பொறாமையாக இருந்தது. ஆனால் சந்தோஷம் பொறாமையை மிஞ்சிவிட்டது. அந்த ரீயையும் குடித்தேன். ருசியில் வித்தியாசமில்லை.

மார்ச் 3, ஞாயிறு

யார் யார் என்று எழுத வேண்டும் என்று கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர் சொல்லியிருக்கிறார். "பத்து வருசம் கழிச்சு வாசிக்கிறது நீங்கதான் எண்டாலும், எல்லாம் மறந்து போயிருக்கும் ஐயா." சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் தேவாலய மண்டபத்தில் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்துப் படிப்பிப்பவர் அவர்தான். இந்தக் கொப்பியை அவர் வாசிக்கமாட்டார். பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். ஆகவே உண்மையை எழுதலாம்.

நான் நாகேந்திரம். சின்ன வயதில் பருத்தித்துறையிலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரீ ஊற்றத் தொடங்கி, கிழவனான பிறகு கேத்தலைக் கீழே வைத்தவன். மனைவி இரத்தினம்மா. ஒரே மகள் ஜெகதீஸ்வரி. மருமகன் சிவபாலன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், மேல்மாடியில் நால்வரும் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் ஸாலிஹ் ஹாஜியாரும் அவருடைய மனைவி பீபியும்.

மொட்டைமாடியில் ரீவிக்கான டிஷ் இருக்கிறது. அதையும் ஒரு ஆள் மாதிரித்தான் எழுத வேண்டும். அண்ணாந்து வைத்த பெரிய தாச்சிச் சட்டி மாதிரி, நான் கைகளை விரித்தாலும் எட்டாத அகலம். மருமகனுடைய கம்பனி வீடுகளுக்கும் ஹொட்டேல்களுக்கும் டிஷ் பூட்டுகிற கம்பனி. மற்ற டிஷ்கள் எந்த வடிவத்தில் பிறந்தனவோ அதே வடிவத்தில் துருப்பிடித்துச் சாகும். இது அப்படியில்லை. இதன் முதுகில், விளிம்பிலிருந்து நடுவுக்கு, அந்த ஞாபகக் கம்பிகளை நீட்டி இழுத்துக் கட்டியிருக்கிறார். மின்சாரம் விட்டால் கம்பி சூடாகித் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கும். விளிம்பு இழுபட்டு டிஷ்ஷின் குழிவு சற்று மாறும். குழிவு மாறினால் அது பார்க்கிற இடமும் மாறும். முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்புகிற மாதிரி. ஒரு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்திலிருப்பதைப் பார்க்கும்.

ஏப்ரல் 9ஆம் திகதி சிங்கப்பூரிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால், கம்பனி மருமகனுக்கு இங்கேயே ஒரு ஆய்வுகூடம் போட்டுக் கொடுக்கும். பிடிக்காவிட்டால் அரபு நாட்டில், டோகா. டோகா வேலைக்கான பேப்பர் குளிர்ப்பெட்டிக்கு மேல், கலண்டருக்கு அடியில் கிடக்கிறது. ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. அவர் போனால் மகளும் போய்விடுவாள்.

நானும் இரத்தினம்மாவும் அந்தப் பேப்பரைப் பற்றிக் கதைப்பதில்லை. குளிர்ப்பெட்டியைத் திறக்கும்போது மேலே பார்க்காமல் திறக்கிறோம், அவ்வளவுதான்.

(இதை எழுதக் காலையிலிருந்து மத்தியானம் ஆகிவிட்டது. கை நோகிறது. நல்ல நோவு.)

மார்ச் 5, செவ்வாய்

விடியற்காலையில் ஆமியும் பொலிசும் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். தை மாதம் நகரில் வெடித்த குண்டுக்குப் பிறகு இது அடிக்கடி நடக்கிறது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். பதிவுத் துண்டை இதுவரை வெறும் பேப்பராகத்தான் பிடித்திருந்தேன். இன்றைக்கு வாசித்துப் பார்ப்போம் என்று ஆசையோடு விரித்தேன். முழுக்கச் சிங்களம்! எழுத்துப் படித்த பிறகும் எழுத்தறியாதவனாக நிற்கிற பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்காது.

சார்ஜன்ட் மொட்டைமாடிக்கு ஏறினார். டிஷ்ஷைச் சுற்றி வந்தார். முதுகிலிருந்த கம்பிகளைப் பார்த்தார். "மேக்க மொகக்த?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். மருமகன் இங்கிலிசில் அலை, குழிவு, வெப்பம் என்று தொடங்கினார். சார்ஜன்டின் முகம் கறுத்துக்கொண்டே போனது. ஹாஜியார் இடையில் புகுந்து, "டீவி சேர், டீவி! மெச் பலன்ன!" என்றார். கிரிக்கெட் பார்க்கவாம். சார்ஜன்ட் சிரித்து, யார் வெல்லுவார்கள் என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

ஹாஜியார் சிரிக்கவில்லை. "இந்த வாட்டி மெச் எண்டு சென்ன. அடுத்த வாட்டி நான் என்னத்தச் செல்ற? இத எடுத்திருங்க மகன். எனக்குப் பயமா ஈக்கிது."

மருமகன் ஒரு மாதம் தவணை கேட்டார். ஹாஜியார் தாடியைத் தடவினார். அது ஓமா இல்லையா என்று தாடிக்குத்தான் தெரியும்.

மார்ச் 6, புதன்

ஞ. ஞ. ஞ. ஞ. வந்துவிட்டது.

மார்ச் 8, வெள்ளி

இன்று அற்புதம் நடந்தது. டிஷ்ஷிலிருந்து ஒரு வயர் ஹாஜியார் வீட்டு ரீவிக்கும் போகிறது. மொட்டைமாடியில் இடம் தந்ததற்கு நன்றியாக மருமகன் இழுத்துக் கொடுத்தது. பீபி அதில் ஒவ்வொரு நாளும் மத்தியானம் மெட்ராஸ் நாடகம் பார்ப்பார். சாரதா என்று ஒரு பெண். மாற்றாந்தாய்க் கொடுமை. கீழே அழுகிற சத்தம் எங்களுக்கு மேலே கேட்கும்.

பன்னிரண்டு மணிக்கு, சாரதா அழுதுகொண்டிருந்த இடத்தில், அழுகை அப்படியே நின்று அரபில் குர்ஆன் ஓதுகிற சத்தம் வந்தது. இனிமையான குரல். ஹாஜியார் பள்ளிக்குப் புறப்பட்டுத் தொப்பியைக் கையில் எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டாராம். கால் மணித்தியாலத்தால் ஓதல் போய், சாரதா திரும்பி வந்தாள்.

பின்னேரம் ஹாஜியார் மேலே வந்தார். கண் கலங்கியிருந்தது. குர்ஆன் ஓதலைக் கிராஅத் என்பார், அருளைப் பரக்கத் என்பார். "ஜும்ஆ நாள்ல, எங்கட ஊட்டுக்குள்ள, தானா வந்த கிராஅத் மகன் இது. பரக்கத். இந்தத் தாச்சி ஈக்கட்டும்."

அவர் போன பிறகு மருமகன் தலையில் கை வைத்தார். "பரக்கத் இல்லை மாமா, பிழை! உச்சி வெயில் ஏற, மின்சாரம் இல்லாமலே கம்பி சூடாகுது. டிஷ் தானாப் பக்கத்துச் செயற்கைக்கோளைப் பார்க்குது. அங்கை அரபு நாட்டு ரீவி."

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

மார்ச் 11, திங்கள்

டிஷ்ஷுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார். அதற்குள் ஒரு பேனை தானாக எழுதுகிறது! பேப்பர் மெல்ல உருண்டுகொண்டிருக்க, சிக்னல் எப்படி வருகிறது என்று பேனை கோடு போட்டுக்கொண்டேயிருக்கிறது. நேரான கோடு, பன்னிரண்டு மணிக்கு மட்டும் பல் விழுந்த மாதிரி ஒரு பள்ளம். சிங்கப்பூர் ஆட்களுக்குப் பள்ளம் இல்லாத கோடு காட்ட வேண்டுமாம்.

நெடுநேரம் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். என்னைவிட வேகமாக எழுதுகிறது. ஆனால் அதற்கு ஒரே எழுத்துத்தான் தெரியும்.

மார்ச் 17, ஞாயிறு

உலகக் கிண்ணம் எங்களுக்கு! ஒழுங்கை முழுக்க வெடி. முதல் வெடிக்கு இரத்தினம்மா மேசைக்கு அடியில் போய்விட்டாள். "குண்டில்லையப்பா, கிரிக்கெட்!" என்றேன். "கிரிக்கெட்டுக்கு ஏன் இப்பிடிச் சத்தம் போடுறாங்கள்?" என்று அடியிலிருந்தே கேட்டாள்.

மார்ச் 18, திங்கள்

மருமகன் விடுமுறை எடுத்து, டிஷ்ஷின் முதுகுக்கும் கம்பிகளுக்கும் வெள்ளைப் பெயின்ற் அடித்தார். வெள்ளை வெயிலை விரட்டுமாம். பன்னிரண்டு மணி வந்தது. பேனை நேராகப் போனது. பல் விழவில்லை. ஜெகதீஸ்வரி பாயாசம் காய்ச்சினாள்.

"இனி அவையள் வரும்வரைக்கும் ஆரும் தொடக் கூடாது. கோடு இப்பிடியே நேராப் போக வேணும்" என்றார் மருமகன். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன்.

மார்ச் 21, வியாழன்

மருமகன் வேலைக்குப் போன நேரம் பார்த்து ஹாஜியார் வந்தார். "ஐயா, மூணு நாளா கிராஅத் இல்ல. பீபி ஒண்டும் செல்ற இல்ல, ஆனா முகத்தப் பாத்தா எனக்கு வெளங்கும். மனம் ஒடஞ்சி ஈக்கிறா. அந்தப் பரக்கத்துக்காகத்தான் நான் ஆமிக்காரனுக்குப் பொய் சென்ன. அதுவும் இல்லாட்டி எதுக்கு இந்தத் தாச்சி? நாளைக்குப் பின்னேரம் கழட்டச் செல்லுங்க."

நாளைக்கா! கழற்றினால் சிங்கப்பூர் ஆட்கள் எதைப் பார்ப்பார்கள்? கம்பனிக் கூரை தகரக் கூரை, அங்கே வைக்க ஏலாது என்று மருமகன் முன்பே சொல்லியிருக்கிறார். குளிர்ப்பெட்டிக்கு மேலே பார்த்துவிட்டேன். இன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

மருமகனுக்குச் சொல்வதா? மனிதன் நேற்றுத்தான் நிம்மதியாக நித்திரை கொண்டார்.

கம்பிக்கு வேண்டியது என்ன? சூடு. அது எங்கிருந்து வந்தது என்று கம்பி கேட்கப் போகிறதா?

மார்ச் 22, வெள்ளி

கேத்தலைத் திரும்பவும் கையில் எடுத்தேன்.

பன்னிரண்டுக்குச் சற்று முன் இரண்டு கேத்தல் கொதிநீரோடு மேலே ஏறினேன். கம்பிகளின் மேல் நான் உடுத்துப் பழசான சாரத்தின் துண்டுகளைச் சுற்றினேன். சூடு நிற்க வேண்டுமே. பிறகு விளிம்பிலிருந்து ஊற்றினேன். நிதானமாக, ஒரே நூலாக. கடையில் வரிசையாகக் கிளாஸ் வைத்து ஊற்றியவன் நான். கையில் அந்தப் பழக்கம் அப்படியே இருக்கிறது. டிஷ் 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டது. கீழே சாரதாவின் அழுகை நின்றது. ஓதல் வந்தது!

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆவிதான் காரணமாக இருக்கலாம்.

ஹாஜியார் பின்னேரம் தோடம்பழம் ஒரு பை கொண்டுவந்து தந்தார். கழற்றுவது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மார்ச் 23, சனி

பேனையை மறந்துபோனேன்! அது எல்லாவற்றையும் எழுதிவிட்டது. நேற்றுப் பன்னிரண்டு மணிக்கு ஒரு பல் இல்லை. மருமகன் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பெயின்ற் காணாது போல" என்றார்.

நான் "இருக்கும்" என்றேன். அது பொய்யா? பெயின்ற் போதாதுதான், என் கேத்தலுக்கு.

மார்ச் 26, செவ்வாய்

இரண்டாம் முறை பெயின்ற் அடித்தார். நான் மூன்றாவது கேத்தலைச் சேர்த்தேன்.

பழைய குடைத் துணிகளைச் சேர்த்துத் தைத்து நிழல் போட்டார். நான் குனிந்து உள்ளே போய் ஊற்றினேன். நிழலில் வேலை செய்வது சுகமாகத்தான் இருக்கிறது.

இரத்தினம்மா கேட்கிறாள்: "காஸ் ஏன் இப்பிடி முடியுது? எத்தினை ரீயப்பா குடிக்கிறியள்?" "வயசு போகத் தாகம் கூடும்" என்றேன். "அப்ப ஏன் உங்கடை சாரமெல்லாம் ஈரம்?" நான் ஈரச் சாரத்தைப் பிழிந்து கொடியில் போட்டேன். அவள் வேறுவிதமாக விளங்கிக்கொண்டு, பாவம், அதற்குப் பிறகு அன்பாகவே கதைக்கிறாள். டொக்டரிடம் போகலாமா என்று மெதுவாகக் கேட்டாள்.

மார்ச் 28, வியாழன்

இன்று வானம் முழுக்க மப்பு. வெயிலே இல்லை. இதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், கடமை தவறாமல், பன்னிரண்டு மணிக்கு ஊற்றிவிட்டேன்.

மருமகன் பின்னேரம் பேப்பரைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். திரும்பவும் பேப்பரைப் பார்த்தார்.

"வெயில் இல்லாத நாளிலையும் விழுது மாமா. பெயின்ற் இல்லை, வெயில் இல்லை... என்ரை கணக்கு முழுக்கப் பிழை. நான் படிச்சதே பிழை."

இரத்தினம்மா இது கண்ணூறுதான் என்று சொல்லி, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துக்கொண்டு மேலே போய் டிஷ்ஷைச் சுற்றினாள். மருமகன் சிரிக்கவில்லை. தடுக்கவுமில்லை. இயந்திரம் படித்த மனிதன், "மற்றப் பக்கமும் சுத்துங்கோ மாமி" என்கிறார்!

மார்ச் 30, சனி

ரீச்சர் பக்கத்தைப் பார்த்தார். "என்ன ஐயா, நேத்து ஒண்டும் எழுதேல்லையே?" எழுதக் கூச்சமாக இருந்தது என்று சொன்னேன். "அப்ப அதைத்தான் எழுத வேணும்" என்றார்.

எழுதுகிறேன். நேற்றும் ஊற்றினேன்.

ஏப்ரல் 1, திங்கள்

காலையில் மருமகன் குளிர்ப்பெட்டிக்கு மேலிருந்த பேப்பரைக் கீழே எடுத்தார். தூசியைத் தட்டினார். "இண்டைக்கும் விழுந்தால், பின்னேரம் கம்பனியிலை சொல்லிப்போட்டுக் கையெழுத்து வைக்கிறன்" என்று ஜெகதீஸ்வரியிடம் சொன்னார். அவள் அவருடைய சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டினாள். கட்டியதையே திரும்பத் திரும்பக் கட்டினாள்.

நான் என்ன செய்யிறது? ஊத்தினால் டோகா. ஊத்தாட்டில் ஹாஜியார் கழட்டச் சொல்லுவார், அதுவும் டோகா. எந்தப் பக்கம் ஊத்தினாலும் டோகாவிலைதான் போய் விழுது — உனக்கு இந்த வயசிலை இது தேவையா நாகேந்திரம்?

கடைசியில் ஒன்று தோன்றியது. ஓதல் வேண்டுமென்று மனம் உடைந்தவர் ஹாஜியார் அல்ல, பீபி. பீபியின் காலில் விழுவோம். ஒரு கிழமைக்கு மட்டும் பொறுக்கச் சொல்லுவோம். அவர் சமாதானமானால் ஹாஜியாரும் சமாதானமாவார். பன்னிரண்டுக்கு முன் கீழே போனேன். கையில் கேத்தல் இருந்ததைப் படியிறங்கிய பிறகுதான் கவனித்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, பெயின்ற், கேத்தல், டோகா. பீபி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப அது நீங்களா?" என்றார்.

"மன்னிக்க வேணும் தங்கச்சி. நீங்க மனம் ஒடைஞ்சிட்டீங்க எண்டு ஹாஜியார்..."

"யா அல்லாஹ்! நான் எங்க ஐயா மனம் ஒடஞ்ச? எனக்கு அந்த நேரந்தான் நாடகம்! சாரதாவுக்குக் கலியாணம் பேசி வந்த நேரம் பாத்துக் கிராஅத் வருது. வந்தா நிப்பாட்டேலுமா? ஓதுறத நடுவுல நிப்பாட்டுறது பாவமில்லயா? முக்காட்டப் போட்டுக்கிட்டு முடியும் வரைக்கும் குந்திக்கிட்டு ஈக்கிற. அடுப்புல சோறு அடிப்புடிக்கிது. நடுவுல நாலு நாள் வரல்ல. நல்ல சந்தோஷமா ஈந்த. பொறகு திரும்ப வருது. சாரதா மாப்பிள்ளயக் கண்டாளா இல்லயா எண்டு இன்னம் எனக்குத் தெரியா!"

"ஹாஜியாருக்கு நீங்க சொல்லேல்லையா?"

"எப்பிடிச் செல்ற? கிராஅத் வாணாம், நாடகம் வேணும் எண்டு என்ட வாயாலயா? அவர் எனக்காக எண்டு நெனச்சிச் சந்தோஷப்படுறார். நான் அவருக்காக எண்டு குந்திக்கிட்டு ஈக்கிறன். நீங்க எங்களுக்காக எண்டு தண்ணி ஊத்துறீங்க!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது அவர்தான். நான் கேத்தலைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

ஹாஜியாரைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "தாச்சி ஈக்கட்டும், கலியாணம் முடியும் வரைக்குமாவது எண்டு செல்றன். ஆர்ட கலியாணம் எண்டு அவர் கேக்க மாட்டார்."

இன்று ஊற்றவில்லை. அந்த நேரம் முழுக்கக் கைகளைக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் இருந்தேன். பின்னேரம் மருமகன் மேலே போனார். நெடுநேரம் இறங்கவில்லை. இறங்கியபோது பேப்பர் கையில் இருந்தது. பல் விழாத நேர்கோடு.

"குடைத் துணியிலைதான் விசயம் இருக்கு மாமா" என்றார்.

டோகா திரும்பவும் குளிர்ப்பெட்டிக்கு மேலே போயிற்று. கலண்டரை அதன் மேல் நான்தான் வைத்தேன்.

ஏப்ரல் 4, வியாழன்

நேர்கோடு. சாரதா மாப்பிள்ளையைக் கண்டுவிட்டாளாம். ஆள் கறுப்பு, ஆனால் குணம் தங்கமாம். படியில் வைத்துப் பீபி இரகசியமாகச் சொன்னார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்று நடந்தது நிறைய. முடிந்தவரை எழுதுகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து மூன்று பேர். பெரியவர் ஒரு சீன அம்மையார். குள்ளம், கண்ணாடி, ஒரு சிரிப்புமில்லை. இரண்டு மணிக்கு அவர்களுக்கு விமானம். மொட்டைமாடியில் கதிரைகள் போட்டு, சின்ன ரீவி ஒன்று வைத்து, இரத்தினம்மா பனங்கட்டிப் பணியாரம் சுட்டு வைத்திருந்தாள். வந்தவர்களுக்கு ரீ போடப் பீபி கீழே தண்ணீரை அடுப்பில் வைத்திருந்தார். அம்மையார் பணியாரத்தைப் பார்க்கவில்லை. பேனை போட்ட கோட்டைத்தான் பார்த்தார். மார்ச் மாதப் பற்களில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். மருமகன் வெயில் என்றார், குடைத் துணி என்றார். அம்மையார் தலையாட்டவில்லை.

பிறகு கம்பிகளுக்கு மின்சாரம் விட மருமகன் சுவிட்சைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் "ஆ..." என்று ஒரு சத்தம். கரண்ட் போய்விட்டது!

ரீவியும் பேனையும் கார் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தன. கம்பியைச் சூடாக்க அந்தப் பற்றரி காணாது. மருமகனுக்கு வியர்வை. கம்பனி மனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார். அம்மையார் கைப்பையை எடுத்தார். ஜெகதீஸ்வரி என் தோளைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

அப்போது கீழ்ப் படியிலிருந்து பீபியின் குரல்: "நாகேந்திரம் ஐயா! கேத்தல் கொதிச்சிட்டு! கொண்டு வரவா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

என்ன செய்ய? போய் வாங்கினேன். இடுப்பிலிருந்த சாரத்தை அவிழ்த்துக் கம்பியில் சுற்றினேன் (உள்ளே காற்சட்டை போட்டிருந்தேன், கடவுள் புண்ணியம்). ஊற்றினேன். ஒரே நூலாக. 'டொக்'. ரீவியில் மெட்ராஸ் போய் அரபு வந்தது. ஓதல் கேட்டதும் படியில் நின்ற பீபியின் கை தானாகப் போய் முக்காட்டை இழுத்தது. ஆற ஆற, மெட்ராஸ் திரும்பி வந்தது. "வன்ஸ் மோர்" என்றார் அம்மையார். அந்த இங்கிலிசு எனக்குத் தெரியும். இன்னொரு கேத்தல். 'டொக்'.

அம்மையார் எழுந்து பெட்டிக்குப் போனார். பேனை புதிதாக இரண்டு பற்களைப் பிடுங்கியிருந்தது. அவற்றில் ஒரு விரல், மார்ச் மாதப் பற்களில் ஒரு விரல். ஒரே அளவு, ஒரே வடிவம். மெதுவாகத் திரும்பினார். என்னைப் பார்த்தார். கேத்தலைப் பார்த்தார். சிரித்தார்! அப்படியொரு சிரிப்பு அந்தச் சின்ன உடம்புக்குள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சிரித்தபடி இரண்டு பணியாரம் சாப்பிட்டார்.

மருமகன் சிரிக்கவில்லை. அம்மையார் விரல் வைத்த இடங்களை அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

ஏப்ரல் 10, புதன்

மருமகன் என்னோடு கதைக்கவில்லை. இரத்தினம்மாவும் கதைக்கவில்லை, ஆனால் அது இல்லாத நோய்க்கு என்னைக் கூட்டிப்போய் டொக்டருக்குக் கொடுத்த காசுக்காக.

ஏப்ரல் 11, வியாழன்

பின்னேரம் மருமகன் எனக்குப் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

"மாமா, அந்தப் பன்னிரண்டு மணியெல்லாம்... நீங்கதானே?"

"ஓம் தம்பி."

"மப்பு நாளும்?"

"ஓம்."

"நான் பிள்ளையாருக்கு நூத்தெட்டுத் தேங்காய் நேர்ந்தனான், தெரியுமே?"

அவர் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாராக்கும் என்று பயந்துபோனேன். அழவில்லை.

"கம்பனிக்கு ரெலிபோன் வந்தது மாமா. அந்த அம்மாவுக்கு என்ரை நேர்கோடு பெரிசில்லையாம். அந்தப் பற்கள்தான் வேணுமாம். ஒவ்வொரு நாளும் சூடாக்கி, ஆறவிட்டு, திரும்பவும் சூடாக்கி... ஒருக்காவேனும் டிஷ் பழைய வடிவத்துக்கு வராமல் விடேல்லை. கம்பிக்குக் களைப்பு வரேல்லை எண்டதுக்கு அதுதான் சாட்சியாம். இப்பிடி ஒரு சோதனை செய்ய எனக்குப் புத்தி வரேல்லை. வந்திருந்தாலும் ஆர் அந்த உச்சி வெயிலிலை கேத்தலோடை நிப்பினம்?"

"அப்ப டோகா?"

அவர் என் ரீக்குள் ஒரு கம்பியைப் போட்டார். அது நேராக நிற்கவில்லை. துள்ளி, வளைந்து, ஒரு சின்னக் கேத்தலின் வடிவமாயிற்று. மூக்கும் பிடியும் வைத்து! இரண்டு நாள் கதைக்காமல் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

ஏப்ரல் 13, சனி

புதுவருடம். ஹாஜியார் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. சாரதாவுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. இனிப் பிள்ளை வரும்வரைக்குமாவது தாச்சி இருக்கட்டும் என்கிறாராம் பீபி.

ஜூன் 15, சனி

டிஷ்ஷைப் புதிய ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஹாஜியாருக்கு மருமகன் சாதாரண டிஷ் ஒன்று பூட்டிக் கொடுத்தார். ஓதலுக்கு ஒரு பொத்தான், நாடகத்துக்கு ஒரு பொத்தான். இருவரும் இப்போது ஒரே கதிரையில் இருந்து நாடகம் பார்க்கிறார்களாம். சாரதாவின் மாமியாரை ஹாஜியார்தான் கூடுதலாகத் திட்டுகிறாராம்.

பழைய டிஷ் நின்ற இடத்தில் நான்கு ஆணிகள் மட்டும் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் ஜெகதீஸ்வரி இன்று ஒரு எண்ணெய்த் தகரத்தில் மண் நிரப்பிக் கறிவேப்பிலைக் கன்று வைத்தாள். சாண் உயரம். இலை பறிக்க இரண்டு வருடமாவது ஆகும். "அதுக்கென்னப்பா?" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு என் கால்கள் தாமாக எழுந்தன. கேத்தலை எடுத்துக்கொண்டு படியேறினேன். கீழே இருந்து இரத்தினம்மா கத்தினாள்:

"இஞ்சருங்கோ! அதுக்குச் சுடுதண்ணி ஊத்திப்போடாதேங்கோ!"